இழந்த வருடங்களுக்கு ஈடாகப் படிப்பு

போர் ஓய்ந்தபின் எமது கிராமங்களில் எத்தனையோ படிவங்கள் நிரப்பப்பட்டன. உடைந்த வீடு, தூர்ந்த கிணறு, காடு பற்றிய வயல், காணாமற்போன மாடு, கைவிட்டு வந்த உழவு இயந்திரம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம் இருந்தது. ஆனால் "உமது பிள்ளைக்கு எத்தனை வருடப் படிப்புப் போயிற்று?" என்று கேட்கும் படிவம் எதையும் நாம் கண்டதில்லை. வயலை இரண்டு போகத்தில் மீட்டுவிடலாம். பதினாறு வயதில் புத்தகத்தை மூடியவர் முப்பது தாண்டியபின் அதை எங்கே போய்த் திறப்பது?

இக்கேள்வி மன்னார் மாவட்டத்தில் ஒரு சாராருக்கு மட்டும் உரியதன்று. 1990 ஒக்டோபரில் எருக்கலம்பிட்டி முதலிய ஊர்களிலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களின் பிள்ளைகள் புத்தளம், கற்பிட்டிப் பக்கத்துக் கொட்டில்களில் இருந்து படித்தார்கள். அதே வருடம் தலைமன்னார்க் கரையில் படகேறியவர்கள் மண்டபம் முகாமில் படித்தார்கள். 2007 செப்ரெம்பரில் முசலிப் பகுதியும் முள்ளிக்குளமும் இடம்பெயர்ந்தன. 2008இல் அடம்பன், விடத்தல்தீவு, மடு என ஒவ்வொன்றாக வெறுமையாகின. அவ்வருடம் பதினோராம் ஆண்டில் இருந்த பிள்ளை டிசம்பரில் சாதாரண தரப் பரீட்சை எழுதவேண்டியவர். அவரோ வன்னியில் மரத்துக்கு மரம் தறப்பாள் கட்டிக்கொண்டிருந்தார். வீட்டுக்கு ஒருவர் என்று இயக்கத்துக்குப் பிடித்துச் செல்லப்பட்டவர்களும் அந்த வயதினரே. பிடிபடக்கூடாதென்று பதினாறு பதினேழிலேயே கலியாணம் கட்டிவைக்கப்பட்ட பெண்பிள்ளைகளும் உண்டு. அவர்களது படிப்பும் போரில் போனதுதான், எவரும் அப்படிக் கணக்கு வைப்பதில்லை என்றாலும்.

போரில் போன படிப்பை அரசே எண்ணிக் கொடுத்த நாடு ஒன்று உண்டு. அதை நமது வாசகர்கள் அறிவது நல்லது. போற்றுவதற்காக அன்று, அது எப்படி எண்ணிற்று என்பதைப் பார்ப்பதற்காக.

அமெரிக்காவில் முதலாம் உலகப்போரில் இருந்து திரும்பிய படைவீரர்கள் சரியாகக் கவனிக்கப்படவில்லை. தமக்கு வாக்களிக்கப்பட்ட பணத்தை முன்கூட்டியே தரும்படி கேட்டு 1932இல் அவர்கள் ஆயிரக்கணக்கில் தலைநகருக்கு வந்து குடிசை போட்டார்கள். அந்த அரசு தன் சொந்தப் பழைய வீரர்களையே துருப்புகளையும் தாங்கிகளையும் கொண்டு கலைத்தது. அந்த வெட்கம், இன்னும் சொன்னால் அந்தப் பயம், அடுத்த போரின்போது ஆள்வோருக்கு நினைவில் இருந்தது. ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்டோர் ஒரேயடியாக வேலையின்றித் திரும்பினால் என்ன நடக்கும்? ஆகவே போர் முடியுமுன்னரே, 1944 ஜூன் 22ஆம் திகதி, ஜனாதிபதி ரூஸ்வெல்ட் ஒரு சட்டத்தில் ஒப்பமிட்டார். படைவீரரை அங்கே 'ஜி.ஐ.' என்று அழைப்பதால் அது ஜி.ஐ. சட்டம் எனப் பெயர் பெற்றது.

அதன் கணக்கு எளிமையானது. குறைந்தது 90 நாள் சேவை செய்து, இழுக்கின்றி விலகியவருக்கு ஒரு வருடப் படிப்பு. அதற்குமேல் படையில் இருந்த ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதப் படிப்பு. ஆகக் கூடியது 48 மாதம். வருடத்துக்கு 500 டொலர் வரை கல்விக் கட்டணத்தையும் புத்தகச் செலவையும் அரசு நேரே கல்லூரிக்குச் செலுத்தியது. மாதம் 50 டொலர் பிழைப்புச் செலவுக்குக் கையில் கொடுத்தது. தங்கி வாழ்வோர் இருந்தால் 75 டொலர். பின்னர் இத்தொகைகள் கூட்டப்பட்டன.

கடைசியாகச் சொன்னதைக் கவனியுங்கள். கட்டணத்தை மட்டும் கொடுத்திருந்தால் மனைவி பிள்ளையோடு திரும்பியவர் வகுப்புக்குப் போயிருக்க மாட்டார். தொடக்கத்தில் அச்சட்டத்தில் ஒரு தடையும் இருந்தது. படையில் சேரும்போது 25 வயதைக் கடந்திருந்தவர், தன் படிப்புப் போரினால்தான் தடைப்பட்டது என்று நிரூபித்தாலே முழுக்காலமும் படிக்கலாம் என்பது விதி. 1945 இறுதியில் செய்த திருத்தம் அதை நீக்கியது. வயதைக் காட்டி வாசலில் மறிக்கும் வேலை அத்தோடு முடிந்தது.

பெரிய பல்கலைக்கழகங்களின் தலைவர்கள் சிலருக்கு இது பிடிக்கவில்லை. தகுதியற்ற கூட்டம் வந்து கல்வியின் தரத்தைக் கெடுக்கும் என்று ஹாவார்ட் பல்கலைக்கழகத் தலைவர் கொனன்ட், சிக்காகோ பல்கலைக்கழகத் தலைவர் ஹட்சின்ஸ் போன்றோர் அஞ்சினார்கள். 1947இல் அமெரிக்கக் கல்லூரி மாணவரில் ஏறக்குறையப் பாதிப்பேர் பழைய வீரர்கள். தகரக் கொட்டகைகளில் குடும்பத்தோடு தங்கிப் படித்த அவர்கள், பள்ளியிலிருந்து நேரே வந்த இளையவர்களைவிட நன்றாகவே சித்தியெய்தினார்கள். வயதும் துன்பமும் படிப்புக்குத் தடை என்று நினைப்பவர்கள் எங்கும் இருக்கிறார்கள் போலும்.

1956 வரை ஏறத்தாழ 78 இலட்சம் பேர் இச்சட்டத்தினால் படித்தார்கள் அல்லது பயிற்சி பெற்றார்கள். அவர்களுள் கல்லூரிக்குப் போனோர் 22 இலட்சம் மட்டுமே. மற்றையோர் தொழில் பழகினார்கள், பாதியில் விட்ட பள்ளிப் படிப்பை முடித்தார்கள். கமக்காரருக்கு இதில் ஒரு தனிச் செய்தி உண்டு: சுமார் 7 இலட்சம் பேர் தங்கள் தோட்டத்திலும் வயலிலும் இருந்தபடியே விவசாயப் பயிற்சி பெற்றார்கள். வருடத்துக்கு 200 மணித்தியாலம் வகுப்பு; மிகுதிக்குப் பயிற்றுநர் வயலுக்கே வருவார். வீட்டுச் செலவுக்கு மாதப்பணமும் கிடைத்தது. கமத்தை விட்டுவிட்டுப் படி என்று அவர்களுக்குச் சொல்லப்படவில்லை.

இச்சட்டத்தின் கறையையும் சொல்லவேண்டும். ஒரே போரில் நின்ற கறுப்பின வீரர்களுக்கு, குறிப்பாகத் தென் மாநிலங்களில், இதன் பலன் முழுமையாகப் போய்ச் சேரவில்லை. எழுத்தில் பாகுபாடு இல்லை. ஆனால் நடைமுறை உள்ளூர் அதிகாரிகளின் கையில் விடப்பட்டது. வெள்ளையர் கல்லூரிகள் அவர்களுக்குக் கதவைத் திறக்கவில்லை. நல்ல சட்டமும் கச்சேரி மேசையில் வாடிப்போகலாம் என்பதை எமக்கு யாரும் புதிதாகச் சொல்லத் தேவையில்லை.

இனி எமது நாட்டுக்கு வருவோம். அமெரிக்காவில் இச்சட்டத்தின் புதிய வடிவம் நடைமுறைக்கு வந்தது 2009 ஓகஸ்ட் முதலாம் திகதி. வீரர் தாம் பயன்படுத்தாத படிப்புக் காலத்தை மனைவிக்கோ பிள்ளைக்கோ மாற்றிக் கொடுக்கவும் அது சில நிபந்தனைகளோடு இடமளித்தது. இங்கே போர் முடிந்து அப்போது மூன்று மாதம் ஆகவில்லை. ஏறத்தாழ 12,000 முன்னாள் போராளிகள் புனர்வாழ்வு நிலையங்களில் இருந்தார்கள். பதினெட்டு வயதுக்குட்பட்ட 594 பேரில் பலர் இரத்மலானை இந்துக் கல்லூரியில் படிப்பைத் தொடர வசதி செய்யப்பட்டது. வளர்ந்தோரில் சிலர் நிலையத்துக்குள் இருந்தே பொதுப் பரீட்சைகளுக்குத் தோற்றினார்கள். பலருக்குத் தச்சு, மேசன், தையல், கணினி என்று சில மாதப் பயிற்சிகள் கிடைத்தன. செய்ததைச் செய்ததென்று சொல்வது நீதி. ஆனால் வீட்டுக்கு வந்தபின் மாதத்துக்கு மாதம் எண்ணிக் கொடுக்கும் படிப்பு உரிமை அவர்களுக்கு இருக்கவில்லை. விசாரணைக்கு வரச்சொல்லும் அழைப்பும், புனர்வாழ்வுச் சான்றிதழைக் கண்டதும் முகம் மாறும் முதலாளியும்தான் பலருக்கு மிஞ்சினார்கள்.

துவக்குத் தூக்கியதற்குப் பரிசு கேட்கிறோமா என்று சிலர் எம்மிடம் கேட்பதுண்டு. இல்லை. அரச படையில் இருந்து கால் இழந்து திரும்பிய சிங்கள விவசாயியின் மகனுக்கும், பிடித்துச் செல்லப்பட்ட முருங்கன் பையனுக்கும், எதையும் தூக்காமல் தறப்பாளுக்குள் மூன்று வருடத்தைத் தொலைத்த பிள்ளைக்கும் ஒரே அளவுகோலை வைக்கலாம்: எத்தனை மாதம் போயிற்று? 2018ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இழப்பீடுகளுக்கான அலுவலகம் அமைக்கப்பட்டது. உயிருக்கும் சொத்துக்கும் ஈடு பேசப்படும் மேசையில் படிப்பையும் பேசவேண்டும் என்பதே எமது நிலைப்பாடு. மாதர் சங்கங்களும் கமக்காரர் அமைப்புகளும் இதைத் தங்கள் கோரிக்கைகளில் எழுதலாம்.

அதுவரை கைகட்டி இருக்கவேண்டியதில்லை. 1945இல் கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வி இந்த நாட்டின் பெரிய சொத்து. அமெரிக்க வீரருக்கு அரசு கட்டிய கல்விக் கட்டணம் இங்கே அரச பல்கலைக்கழகத்தில் உள்வாரியாகப் படிக்கும் எவருக்கும் இல்லை. மன்னார் மாவட்டம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுள் ஒன்று. அம்மாவட்டங்களுக்கென அனுமதியில் 5 சதவீதம் தனியாக ஒதுக்கப்படுகிறது. ஆனால் எந்த மாவட்டத்துப் பாடசாலையில் படித்தீர்கள் என்பது கணக்கில் எடுக்கப்படும். இடம்பெயர்ந்த பிள்ளையை வேறு மாவட்டப் பாடசாலையில் உயர்தரத்துக்குச் சேர்க்குமுன், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலை ஆசிரியரோடு இருந்து வாசித்துவிடுங்கள். 2021 முதல் வவுனியாவிலேயே தனிப் பல்கலைக்கழகம் உண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் கிளிநொச்சி அறிவியல்நகரில் இருக்கிறது.

வயது போனவர்களுக்கான வழி வேறு. சாதாரண தரத்தையும் உயர்தரத்தையும் தனியார் பரீட்சார்த்தியாக எழுதலாம். முப்பத்தைந்து வயதில் எழுதினாலும் சான்றிதழ் அதே சான்றிதழ்தான். உயர்தரத்தை மூன்று முறைக்குமேல் எழுதி உள்வாரி அனுமதி கேட்கமுடியாது என்பதை மட்டும் நினைவில் வைத்திருங்கள். 1980இல் தொடங்கப்பட்ட திறந்த பல்கலைக்கழகம் உயர்தரம் இல்லாதவரையும் 18 வயது நிரம்பியிருந்தால் அடிப்படைப் பாடநெறிக்குச் சேர்த்து, அதிலிருந்து பட்டப்படிப்புக்கு ஏற்றுகிறது. யாழ்ப்பாணத்திலும் வவுனியாவிலும் அதன் நிலையங்கள் உண்டு. கட்டணம் கட்டவேண்டும், எந்தப் பாடம் தமிழில் நடக்கிறது என்பதையும் முதலில் விசாரிக்கவேண்டும்.

பரீட்சை என்றாலே வயிற்றைக் கலக்குகிறவர்களுக்கு என்.வி.கியூ. எனப்படும் தேசிய தொழிற்றகைமை இருக்கிறது. பல வருடம் மேசன் வேலையோ இயந்திரம் திருத்தும் வேலையோ செய்து கை தேறியவர், மீண்டும் வகுப்பில் குந்தாமலே தன் திறமையைச் செய்து காட்டிச் சான்றிதழ் பெறலாம். அதன் ஐந்தாம் மட்டத்தை அடைந்தவர் இரத்மலானையில் உள்ள தொழினுட்பவியல் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கலாம். இயக்கத்தில் இருந்தபோது வாகனம் திருத்தவும் மின்னிணைப்புச் செய்யவும் கற்றவர்கள் எம்மிடையே இருக்கிறார்கள். எங்கே கற்றீர் என்று கேட்காமல், செய்து காட்டும் என்று மட்டும் கேட்கும் முறை அவர்களுக்குப் பொருத்தமானது. உங்கள் பிரதேச செயலகத்தில் திறன் அபிவிருத்திக்குப் பொறுப்பான உத்தியோகத்தரைக் கேளுங்கள்.

மிஞ்சுவது பிழைப்புச் செலவு. மகாபொல உதவித்தொகை 1981இல் தொடங்கியது. 2015இல் அது மாதம் 5,000 ரூபா. 2025 வரவுசெலவுத் திட்டத்தில் 7,500 ரூபாவாகக் கூட்டப்பட்டது. மனைவி பிள்ளையோடு இருப்பவருக்கு இது சோற்றுக்கும் காணாது. தவிரவும் அது அரச பல்கலைக்கழகத்தில் உள்வாரியாகச் சேர்ந்தோருக்கே. இங்கேதான் குடும்பம் கணக்குப் போடவேண்டியிருக்கிறது. 48 மாதம் என்பது கட்டுக்கரைக்குளத்துத் தண்ணீரில் நான்கு காலபோகம். நான்கு போகத்துக்கு ஒருவருடைய வயலை அண்ணன் தம்பி சேர்ந்து பார்த்துக்கொண்டால், அல்லது குத்தகைக்கு விட்டு அந்த நெல்லை அவர் வீட்டுக்குக் கொடுத்தால், அமெரிக்க அரசு கொடுத்த மாதப்பணத்தின் வேலையை எமது வயலே செய்யும். சங்கத்தின் சுழற்சி நிதியில் மாடு வாங்கக் கடன் கொடுக்கிறோம். பஸ் கட்டணத்துக்கும் பரீட்சைக் கட்டணத்துக்கும் ஏன் கொடுக்கக்கூடாது? "இனிப் படிச்சு என்ன செய்யப்போறாள்?" என்ற கேள்வி முன்னாள் போராளியான தாயொருத்தியைப் பற்றி எழும்போது, அவள் வகுப்புக்குப் போகும் சனிக்கிழமையில் பிள்ளையை யார் பார்ப்பது என்பதையும் அதே கூட்டத்தில் முடிவு செய்யுங்கள்.

கடதாசி விடயம் ஒன்று. இடப்பெயர்வில் பரீட்சைச் சான்றிதழ் தொலைந்திருந்தால் பரீட்சைத் திணைக்களத்தில் மீளப் பெறலாம். பரீட்சை எழுதிய வருடமும் சுட்டிலக்கமும் தெரிந்தால் வேலை இலகு. பழைய பாடசாலையின் வரவுப் பதிவேடு தப்பியிருக்கிறதா என்று அதிபரிடம் கேட்டுப் பாருங்கள். தகப்பன் காணாமற்போன குடும்பங்களில், உதவித்தொகைப் படிவத்தில் தகப்பனின் நிலைமையை எப்படி எழுதுவது என்று பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். மரணச் சான்றிதழ் எடுக்க மனம் ஒப்பாத தாய்மார் பலர். அவர்களை யாரும் நெருக்கக்கூடாது. 2016ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின்படி, இறந்தார் என்று ஒப்புக்கொள்ளாமலே காணாமற்போனமைக்கான சான்றிதழைப் பெறமுடியும். அதையும் வேண்டாம் என்கிற தாய், உள்ளதை உள்ளபடி ஒரு சத்தியக் கடதாசியில் எழுதி, கிராம அலுவலரின் உறுதிப்படுத்தலோடு படிவத்துடன் இணைத்துப் பார்க்கலாம். ஒவ்வொன்றிலும் இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை வீட்டுக்கு வெளியே நம்பிக்கையான ஓரிடத்தில் வைத்திருங்கள்.