பயண டிரெய்லர் சாளர வலை
பயண டிரெய்லர் சாளர வலை என்பது, காரின் பின்னால் இணைத்து இழுத்துச் செல்லப்படும் வசிப்பிட வண்டியின் சாளரங்களில் பூச்சிகளைத் தடுப்பதற்காகப் பொருத்தப்படும் வலை ஆகும். இவ்வண்டிகள் வட அமெரிக்காவில் பரவலாகப் பயன்படுகின்றன. ஐக்கிய அமெரிக்காவில் 1999 இல் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட மேற்கு நைல் தீநுண்மத்தைக் கொசுக்களே பரப்புகின்றன என்பதால், இவ்வலை வெறும் வசதிக்கானது அன்று.

பொதுவான வலையில் ஓர் அங்குலத்துக்கு ஒரு திசையில் 18, மறுதிசையில் 16 இழைகள் உள்ளன. துளையின் அகலம் 1 மில்லிமீட்டருக்குச் சற்றே கூடுதல். கொசு இதில் நுழையாது. ஆனால் 'நோ-சீ-அம்' எனப்படும், 1 முதல் 3 மில்லிமீட்டர் நீளமுள்ள குருதி உறிஞ்சும் பூச்சிகளின் உடல் மெலிந்தது, அவை நுழைந்துவிடும். இவற்றுக்கு இரு திசைகளிலும் 20 இழைகள் கொண்ட வலை வேண்டும். துளை சிறுத்தால் காற்றோட்டமும் குறையும்.

வலையில் கிழிசல் இல்லாதபோதும் பூச்சிகள் வருவதுண்டு. நகரும் கண்ணாடிச் சாளரத்தைப் பாதி மட்டும் திறந்தால், இரு கண்ணாடிகளுக்கும் இடையே உண்டாகும் இடுக்கு வலையைச் சுற்றி உள்ளே வர வழிவிடும். முழுமையாகத் திறந்தால் சட்டத்தின் விளிம்பு அவ்விடுக்கை அடைத்துவிடும். வலையைச் சட்டத்தின் பள்ளத்தில் பிடித்திருக்கும் இரப்பர் கயிறு நாளடைவில் சுருங்குவதும் மற்றொரு காரணம். கயிறு மலிவானது, எளிதில் மாற்றலாம்.

சட்டத்தின் அடியில் மழைநீர் வடியும் துளைகளும் பூச்சிகளுக்கு வழியாகின்றன. இவற்றைப் பசையால் அடைத்தால் நீர் தேங்கிச் சுவருக்குள் கசியும். நீர் வடியுமாறு சிறு வலைத்துண்டு பொருத்துவதே முறை.