பிளேன்டீ விலைகூட இல்லாத ஒரு பின்

2011 ஆம் ஆண்டு ஒரு திங்கட்கிழமை. பஞ்சிகாவத்தையில் எனது மோட்டார் உதிரிப்பாகக் கடையைத் திறந்து அரை மணித்தியாலம்கூட ஆகியிருக்காது. மாவனல்லைப் பக்கத்து மொத்த வியாபாரி ஒருவர் உள்ளே வந்தார். ஸலாம் சொன்னார். சட்டைப் பையிலிருந்து இரண்டு அங்குல ஆணி ஒன்றை எடுத்துக் கவுண்டரில் வைத்தார்.

"நாநா, இது ஒங்கட கடைச் சாமான் இல்லதான். ஆனா பின் தந்திருந்தீங்கண்டா இது என்ட லொறிக்கு வந்திருக்காது" என்றார்.

பத்து நாட்களுக்கு முன்னர் தனது கென்டர் லொறிக்கு டை ரொட் என்ட் ஒரு ஜோடி என்னிடம் வாங்கிச் சென்றவர். அன்றைக்குப் பெட்டியைப் பிரித்துக் காட்டியபோது நட் இருந்தது, ஸ்பிலிட் பின் இருக்கவில்லை. யாரோ முன்னர் திறந்து பார்த்ததில் விழுந்திருக்க வேண்டும். அவர் கேட்கவும் செய்தார். "கராஜ் பாஸ்கிட்ட இருக்கும், கேட்டுப் பாருங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். கடையில் சனம் கூடியிருந்த நேரம். பாஸிடமும் பின் இருக்கவில்லை. அவர் இரு பக்கமும் ஆணியை வளைத்துப் போட்டிருக்கிறார்.

புறக்கோட்டையில் சீனியும் பருப்பும் ஏற்றிக்கொண்டு கண்டிக்குப் போகும் வழியில், ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தாலும் லொறி ஒரு பக்கமாக ஒதுங்குவதைச் சாரதி கவனித்திருக்கிறார். கடுகண்ணாவை ஏற்றம் தொடங்குவதற்கு முன்னர் ஓரமாக நிறுத்திக் குனிந்து பார்த்தால், இடப்பக்க ஆணியைக் காணவில்லை. நட் கடைசி இரண்டு புரியில் தொங்குகிறது. என் முன்னால் வைக்கப்பட்டது வலப்பக்க ஆணி. முன் சக்கரங்கள் இரண்டையும் ஒன்றாகத் திருப்புவது அந்த டை ரொட்தான். அது ஏற்றத்து வளைவில் கழன்றிருந்தால் ஒரு சக்கரம் ஒரு பக்கமும் மற்றது தன் இஷ்டத்துக்கும் போயிருக்கும். அல்ஹம்துலில்லாஹ், அந்தச் சாரதி இறங்கிப் பார்த்தார்.

வாகனம் வைத்து வியாபாரம் செய்யும் நம்மில் பலர், ஜொயின்டைப் பிடித்துக்கொண்டிருப்பது பின்தான் என்று நினைக்கிறோம். அது சரியல்ல. டை ரொட் என்டிலும் போல் ஜொயின்டிலும் உள்ள தண்டு ஒரு நுனி பருத்து மறு நுனி ஒடுங்கியிருக்கும். அது நுழையும் துவாரமும் அதே சரிவில் கடையப்பட்டிருக்கும். நட்டை இறுக்கும்போது இரண்டும் ஒன்றையொன்று கவ்விக்கொள்கின்றன. பாரத்தைத் தாங்குவது அந்தக் கவ்வல். பின் அதற்குக் காவற்காரன் மட்டுமே: நட் திரும்பிக் கழன்றுவிடாமல் பார்த்துக்கொள்ளும். ஆகவே நட்டைச் சரியாக இறுக்காமல் புதுப் பின் போட்டாலும் பயனில்லை. துவாரத்துக்குள் தண்டு ஆடி ஆடி இரண்டும் தேய்ந்து போகும்.

அந்தக் கராஜில் நடந்த உண்மையான பிழையும் இதுதான். விசாரித்தபோது பாஸ் ஒளிக்கவில்லை. நட்டை இறுக்கிய பிறகு அதன் வெட்டும் தண்டின் துவாரமும் நேராக வரவில்லையாம், அதனால் கொஞ்சம் தளர்த்தி ஆணியைச் செருகினாராம். ஒருபோதும் தளர்த்தக் கூடாது. கம்பனிப் புத்தகத்தில் சொன்ன அளவுக்கு டோர்க் ரென்ச்சால் இறுக்கிவிட்டு, துவாரம் நேராகாவிட்டால் அடுத்த வெட்டு வரும்வரை இன்னும் இறுக்க வேண்டும். ஆறு வெட்டுள்ள நட்டில் கூடிப்போனால் 60 பாகைதான் அந்தத் திருப்பம். தண்டையும் துவாரத்தையும் முதலில் துணியால் நன்றாகத் துடைக்க வேண்டும். சரிவான பாகத்தில் கிறீஸ் பூசுவது சிலருடைய பழக்கம், அது தேவையில்லாத வேலை.

ஆணியோ பைன்டிங் கம்பியோ பின்னுக்கு ஈடாகாது. துவாரத்தை நிறைக்காமல் ஆடும், அதிர்வில் அறுந்து விழும். கழற்றிய பழைய பின்னை நிமிர்த்திப் போடுவதும் அப்படித்தான்; இரண்டாம் முறை வளைத்தால் வெடிக்கும். சில கார்களில் பின் கிடையாது, உள்ளே நைலோன் வளையமுள்ள நட் வரும். அதையும் புதிதாகவே போட வேண்டும்.

இன்னொரு நட்டையும் மறந்துவிடுகிறார்கள். கார்களில் டை ரொட் என்டின் பின்புறம் ஒரு லொக் நட் இருக்கும். கென்டர் போன்ற லொறிகளில் அந்த இடத்தில் கிளேம்ப் இருக்கும். அலைன்மன்ட் செய்யும்போது தளர்த்துவார்கள், இறுக்காமலே வண்டியை விட்டுவிடுவார்கள். சஸ்பென்ஷன் ஆம் மாற்றினால், றப்பர் புஷ் போல்ட்டுகளைக் கடைசியாக இறுக்குவது சக்கரம் நிலத்தில் நிற்கும்போது. ஜெக்கில் தொங்கும்போதே இறுக்கினால் றப்பர் எப்போதும் முறுகியே இருந்து சீக்கிரம் கிழிந்துவிடும். நம்மிடம் குறைசொல்லி வரும் புஷ்களில் ஒரு பகுதி இப்படிக் கெட்டவைதான், சாமானில் பிழையிருக்காது.

2020 மார்ச் முதல் வாகன இறக்குமதி ஏறக்குறைய ஐந்து வருடங்கள் நின்று போனது நமக்குத் தெரியும். தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் கதவு திறந்தது. அதனால் பழைய வண்டிகளை வைத்துத்தான் நம்மில் பலர் காலம் தள்ளினோம், இன்னும் தள்ளுகிறோம். புகைப் பரிசோதனையில் சான்றிதழ் கிடைத்துவிட்டதே என்று ஆறுதல்பட வேண்டாம். அது புகையைத்தான் பார்க்கும், ஜொயின்டைப் பார்க்காது. முதலாளிமார் கராஜுக்குப் போவது பில் கட்ட மட்டுமே. சக்கரத்தைப் பூட்டுவதற்கு முன்னர் பாஸிடம் "கொஞ்சம் காட்டுங்க மகன்" என்று கேளுங்கள். பின்னின் ஒரு கால் தண்டின் நுனிக்கு மேலாகவும் மற்றது நட்டோடு ஒட்டியும் வளைந்திருக்க வேண்டும். ஐந்து நிமிட வேலை.

அந்த மாவனல்லை வியாபாரிக்கு இரண்டு என்டையும் ஆமையும் மாற்றிக் கொடுத்தேன், காசு எடுக்கவில்லை. ஆமின் துவாரம் தேய்ந்துவிட்டிருந்ததால் அதையும் மாற்றத்தான் வேண்டியிருந்தது. அந்த ஒரு கொடுக்கலில் நான் இழந்த தொகைக்கு ஆயிரக்கணக்கில் பின் வாங்கியிருக்கலாம். அன்றிலிருந்து கவுண்டரில் ஒரு பிஸ்கட் டின்னில் 2.5, 3.2, 4 மில்லிமீற்றர் பின்கள் கிடக்கின்றன. டை ரொட் என்டோ போல் ஜொயின்டோ வாங்கும் எவரும் பெட்டியில் பின் இருந்தாலும் இரண்டை எடுத்துக்கொள்ளலாம், காசில்லை. மாதக் கடைசியில் கணக்குப் பார்க்கும் மகன் இதைப் பற்றி முணுமுணுப்பதுண்டு. மேசை லாச்சியில் கிடக்கும் அந்த ஆணியை எடுத்துக் காட்டுவேன்.