நீரும் புல்லும் நெருப்பும்

நீர், புல், நெருப்பு ஆகிய மூன்றிலும் அனைவரும் பங்காளிகளே என்னும் கருத்தை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அருளியுள்ளார்கள். அபூதாவூத் நூலில் இடம் பெற்றுள்ள இந்த ஹதீஸில் நெருப்பும் சேர்த்துச் சொல்லப்பட்டிருப்பது சிந்தனைக்குரியது. அன்று நெருப்பு என்பது பாலைவனத்துக் கூடாரத்தின் முன் எரிந்த விறகு. இன்றோ அது பெட்ரோல், நிலக்கரி, நம் இல்லங்களில் விளக்கேற்றும் மின்சாரம்.

அந்த நெருப்புக்காக நம் நாடு பிறர் கையை எதிர்பார்த்து நிற்கிறது. இந்தியாவுக்குத் தேவையான கச்சா எண்ணெயில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் வெளிநாடுகளிலிருந்தே வருகிறது. 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதிக்குத் தடை விதித்தன. சில மாதங்களுக்குள் அதன் விலை ஏறத்தாழ நான்கு மடங்காயிற்று. அந்தச் சுமை நம் ஊர் ஏழையின் அடுப்படி வரை வந்து சேர்ந்தது.

கையேந்தாத வாழ்வையே இஸ்லாம் விரும்புகிறது. ஒருவர் கயிற்றை எடுத்துக்கொண்டு போய், விறகுக் கட்டை முதுகில் சுமந்து வந்து விற்றுப் பிழைப்பது பிறரிடம் இரப்பதைவிட மேலானது என்பது புகாரியில் காணப்படும் நபிமொழியின் கருத்து. தனி மனிதனுக்குப் பொருந்தும் இவ்வறிவுரை ஒரு நாட்டுக்கும் பொருந்தும் அன்றோ?

போச்சம்பள்ளியில் ஒரு முயற்சி

கிருஷ்ணகிரி மாவட்டத்துப் போச்சம்பள்ளி நெடுங்காலமாக ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குப் பெயர் பெற்ற ஊர். சுற்றிலும் மாந்தோப்புகள். இங்கே மின்சார ஸ்கூட்டர் தொழிற்சாலை அமைக்க, 2020 டிசம்பரில் ஓலா நிறுவனம் தமிழக அரசுடன் 2,400 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம் செய்தது. 2021 இறுதியில் வண்டிகள் வெளிவந்தன. பின்னர் வண்டிக்குரிய மின்கலங்களைச் செய்யும் ஆலையும் எழுந்தது. அருகிலுள்ள ஓசூரிலும் இத்தகைய வண்டிகள் உருவாகின்றன. எண்ணெய்க்காக அந்நியரை நம்பியிருக்கும் நிலை மாற இது ஒரு வழி. உழைக்கும் இளைஞருக்கும் பெண்களுக்கும் இதனால் வேலை கிடைக்கிறது. இதை வரவேற்க வேண்டும்.

ஆயினும், விஷயம் அத்துடன் முடிந்துவிடவில்லை. புகை கக்காத வண்டிக்கு ஊட்டப்படும் மின்சாரம் எங்கிருந்து வருகிறது? நம் நாட்டு மின் உற்பத்தியில் பெரும் பகுதி இன்னமும் நிலக்கரியை எரித்தே கிடைக்கிறது. தெருவில் இல்லாத புகை அனல் மின் நிலையத்தின் புகைபோக்கியில் எழுகிறது. மின்கலத்துக்கு வேண்டிய லித்தியமோ தென் அமெரிக்காவின் சிலி போன்ற நாடுகளிலிருந்து வருகிறது. அங்கே மழை அரிதான பாலை நிலத்தில் உவர்நீரை இறைத்து, வெயிலில் காயவைத்து அதை எடுக்கிறார்கள். எண்ணெய்க்குக் கையேந்தியவர் மின்கலத்துக்குக் கையேந்துவதும், நம் தூய்மைக்காக வேறொருவர் நிலம் வறள்வதும் முழுமையான தற்சார்பு ஆகமாட்டா.

தராசு சாயலாகாது

வானத்தை உயர்த்திய இறைவன் ‘மீஸான்’ என்னும் தராசையும் அமைத்தான். மனிதர் அதில் வரம்பு மீறலாகாது என்பது திருமறையின் அர்ரஹ்மான் அத்தியாயம் (55:7-9) புகட்டும் பாடம். சந்தையில் எடை குறைக்கும் வணிகர் குற்றவாளி என்றால், ஆற்றை நஞ்சாக்கி இலாபம் காண்பவர் மட்டும் எப்படி நல்லவராவார்?

இதற்குத் தொலைவில் உதாரணம் தேட வேண்டியதில்லை. கர்நாடகத்தின் நந்தி மலையில் பிறக்கும் தென்பெண்ணை, பெங்களூருப் பகுதியின் கழிவுகளைச் சுமந்து தமிழகத்தில் நுழைகிறது. ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையில் அந்த நீர் வெண்ணுரை பொங்கி வெளியேறிய காட்சியைப் பலமுறை கண்டுவிட்டோம். அதே ஆறுதான் கிருஷ்ணகிரி அணையை நிரப்பி, நெடுங்கல் அணைக்கட்டு வழியாகப் போச்சம்பள்ளியை அடுத்த பாரூர் ஏரிக்கும் நீர் தருகிறது. மேலே இருப்பவரின் வளர்ச்சி, கீழே இருக்கும் உழவரின் வயலில் கழிவாக வந்து சேர்கிறது. எவருக்கும் தீங்கு இழைக்கலாகாது. தீங்குக்குத் தீங்கும் செய்யலாகாது என்னும் நபிமொழியின் அடிப்படைக்கு இது முற்றிலும் மாறானது.

இதனால் தொழிற்சாலையே வேண்டாம் என்பதல்ல நம் வாதம். வேலையில்லாத வீட்டில் அடுப்பு எரியாது. நீரில்லாத ஊரில் தொழிற்சாலையும் நில்லாது. இரண்டையும் ஒருசேரக் காப்பதே தராசைச் சமமாகப் பிடிப்பதாகும். பழைய மின்கலங்களைத் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்யும் பொறுப்பை 2022 ஆம் ஆண்டின் மின்கலக் கழிவு மேலாண்மை விதிகள் உற்பத்தியாளர் மீது சுமத்தியுள்ளன. அவ்விதி ஏட்டளவில் நின்றுவிடாமல் பார்த்துக்கொள்வது அரசின் கடமை. கேட்டுப் பெறுவது மக்களின் கடமை.

நம் பங்கு என்ன?

வீட்டுக் கூரையில் சூரிய மின் தகடு அமைக்க, 2024 இல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தின்படி 78,000 ரூபாய் வரை மானியம் கிடைக்கிறது. மூன்று கிலோவாட் தகடு நல்ல வெயிலில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 12 யூனிட் தரும். வசதி படைத்தோர் இதற்கு முன்வரலாம். பள்ளிவாசல்களில் ஒளுச் செய்த நீரைத் தென்னைக்கும் வேம்புக்கும் திருப்பி விடலாம். ஓடும் ஆற்றங்கரையில் ஒளுச் செய்தாலும் வீண்விரயம் கூடாது என்று கற்பித்த பெருமானாரின் உம்மத்தினர், ஆளில்லாத அறையில் மின்விசிறியைச் சுழல விடுவது தகுமா? வீணாக்காத ஒரு யூனிட் மின்சாரம், எரிக்காமல் மிஞ்சிய நிலக்கரி அல்லவா?

நெருப்பில் நமக்கிருப்பது பங்கு, தனியுரிமை அன்று. நாளை பிறக்கப்போகும் பிள்ளைகளும் அதில் பங்காளிகளே. அந்த அமானிதத்தைப் பேணி, தராசு சாயாமல் வாழும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.