கார் ஷெட்டில் கடை: ஷட்டர் போடும் முன்

கடை வாடகையும் அட்வான்ஸும் ஏறிவிட்டதால், சொந்த வீட்டின் கார் ஷெட்டுக்கு ஷட்டர் போட்டு மளிகைக் கடை வைக்கும் வணிகர்கள் நம்மிடையே பெருகி வருகிறார்கள். பக்கத்துச் சந்தின் மேல் தகர ஷீட் இறக்கினால் அதுவே கிடங்கு. செலவும் குறைவுதான். சிக்கல் வரைபடத்தில் இருக்கிறது.

வீடு கட்ட அனுமதி பெற்றபோது ஷெட்டை வாகனம் நிறுத்தும் இடமாகவும், சந்தைக் காலியிடமாகவும் காட்டியிருப்போம். ஷெட் கடையானால் வாகன இடம் குறைகிறது. சந்தை மூடினால் வீட்டுக்குக் காற்றோட்டம் போகிறது. தீப்பிடித்தால் பின்பக்கம் செல்ல வழியும் இல்லை. எண்ணெய் டின்னும் அட்டைப்பெட்டியும் அடுக்கும் இடமல்லவா அது!

சுவரை இடிக்கவில்லையே, அனுமதி எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971-ன்படி கட்டடத்தின் உபயோகத்தைக் கணிசமாக மாற்றுவதும் 'மேம்பாடு' என்ற சொல்லில் அடங்கும். அதற்கும் அனுமதி வேண்டும்.

வீட்டு மீட்டரிலேயே ஃப்ரீசரை ஓட்டுவது அடுத்த ஆபத்து. மின்சாரச் சட்டம், 2003-ன் 126-வது பிரிவின்படி இது அங்கீகாரமற்ற உபயோகம். உரிய கட்டணத்தைப் போல் இரு மடங்கு கேட்பார்கள். எப்போது தொடங்கியது என்று தெரியாவிட்டால், சோதனைக்கு முந்தைய 12 மாதங்களுக்குக் கணக்கிடுவார்கள்.

17.12.2024-ல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பை நம் வணிகர்கள் அவசியம் அறிய வேண்டும். உத்தரப் பிரதேசத்தின் மீரட் நகரில், குடியிருப்பு மனையில் கட்டிய கடைகளைப் பற்றிய வழக்கு அது. கடைகளை இடிக்கும் உத்தரவு உறுதியானது. அத்துடன், அனுமதியற்ற எந்தக் கட்டடத்திலும் தொழில் நடத்த உரிமம் தரக்கூடாது என்று நாடு முழுவதற்கும் ஆணையிட்டது. பல வருடம் ஆகிவிட்டது, யாரும் கேட்கவில்லை என்ற வாதத்தையும் ஏற்கவில்லை. நம்மில் பலர் நம்பியிருப்பது அந்த வாதத்தைத்தான்.

அதற்காக ஆசையை விட்டுவிட வேண்டியதில்லை. அன்றாடப் பொருள் விற்கும் சிறு கடைகளுக்குக் குடியிருப்புப் பகுதியிலும், பரப்பளவு வரம்புக்கு உட்பட்டு, இடமுண்டு. முதலில் அனுமதி வரைபடத்தைத் தேடி எடுங்கள். பழைய வீடாக இருந்து கிடைக்காவிட்டால் நகராட்சியில் நகல் கேட்டு மனுச் செய்யலாம். பிறகு பதிவு பெற்ற பொறியாளரைக் கூட்டி வந்து காட்டுங்கள். பழைய ஷெட்டின் சுவர் பெரும்பாலும் நாலரை அங்குலம்தான். 26 கிலோ அரிசி மூட்டைகளை அதன்மேல் சாய்த்து அடுக்கலாமா என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளலாம். தரை தெருவைவிடத் தாழ்ந்திருந்தால் மழைநீர் நேரே சரக்குக்குத்தான் வரும்.

பிறர் ஷெட்டை வாடகைக்கு எடுப்பவர்கள், வரைபடத்தைக் கண்ணால் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.