கணக்குக் கேட்ட ஜெனரல்

தேர்தல் வந்தால் போதும், ஏற்காடு பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் யாராவது ஒருவர் என்னைப் பிடித்துக்கொள்வார். "ஏனுங்க மிலிட்டரிக்காரரே, உங்களை மாதிரி நாலு பேரு டெல்லிக்குப் போனா நாடு உருப்படாதுங்களா?" ராணுவப் பொறியியல் படையின் மதராஸ் சாப்பர்ஸ் பிரிவில் ஹவில்தாராக இருந்து பென்ஷன் வாங்கி, நாகலூர்ப் பக்கம் காப்பியும் மிளகும் பார்த்துக்கொண்டிருக்கிறவன் நான். "ஆமாம்" என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் பட்டாளத்திலிருந்து டெல்லிக்குப் போனவர்கள் ஏற்கெனவே நிறையப் பேர். போய் என்ன செய்தார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்ல முடியும்.

முதலில் சட்டம். சீருடையில் இருக்கும்வரை எங்களுக்கு அரசியல் கிடையாது. 1950-ஆம் ஆண்டின் ராணுவச் சட்டமும் அதன்கீழ் 1954-இல் வந்த விதிகளும் கட்சியில் சேரக்கூடாது, கட்சிக் கூட்டத்துக்குப் போகக்கூடாது என்று கட்டிப்போட்டிருக்கின்றன. ஓட்டுப் போடலாம், அதுவும் பெரும்பாலும் தபாலில்தான். தேர்தலில் நிற்க வேண்டுமானால் சீருடையைக் கழற்றி வைத்துவிட்டு வர வேண்டும்.

அப்படிக் கழற்றிவிட்டு வந்தவர்களில் பல ரகம் உண்டு. 1971-இல் டாக்காவில் பாகிஸ்தான் படையின் சரணடைவை ஏற்ற லெப்டினென்ட் ஜெனரல் ஜக்ஜித் சிங் அரோரா, அகாலி தளத்தின் சார்பில் மாநிலங்களவையில் உட்கார்ந்தார். மேஜர் ஜஸ்வந்த் சிங் வெளியுறவு, பாதுகாப்பு, நிதி மூன்று துறைகளையும் பார்த்தவர். ராஜேஷ் பைலட் விமானப்படையில் ஸ்குவாட்ரன் லீடர். எனக்கு நெருக்கமாகப் படுகிறவர் ராஜஸ்தானின் அயூப் கான். அவர் ரிசால்தார், அதாவது அதிகாரி வரிசையில் வந்தவர் அல்ல, எங்கள் வரிசை. 1965 போரில் வீர் சக்ரா வாங்கி, 1984-இல் ஜுன்ஜுனு தொகுதியில் ஜெயித்து மக்களவைக்குப் போனார். அவரைப் போல் கீழ்மட்டத்திலிருந்து போனவர்கள் குறைவு.

நம் பக்கத்துக் கதை வேறு மாதிரி. அன்றைய சேலம் மாவட்டத்துக் குமாரமங்கலம் ஜமீன் குடும்பத்தில் தந்தை சுப்பராயன் சென்னை மாகாண முதன்மை அமைச்சராகவும் பிறகு மத்திய அமைச்சராகவும் இருந்தார். மகன் மோகன் எம்.பி., மத்திய அமைச்சர். மகள் பார்வதி கிருஷ்ணன் கோயம்புத்தூர் எம்.பி. பேரன் ரங்கராஜன் சேலம் எம்.பி. இந்த வீட்டில் ராணுவத்துக்குப் போன பி.பி.குமாரமங்கலம் 1966 முதல் 1969 வரை தரைப்படைத் தலைமைத் தளபதி. இத்தனை எம்.பி.க்களைத் தந்த குடும்பத்தில் பிறந்தும் அவர் நாடாளுமன்றத்தின் பக்கம் போகவில்லை.

டீக்கடைக் கேள்விக்கு நான் எடுத்துக்காட்டுகிற பெயர் மேஜர் ஜெனரல் புவன் சந்திர கண்டூரி. நான் அவருக்குக் கீழே வேலை பார்த்தவன் அல்ல. ஆனால் அவரும் பொறியியல் படைக்காரர். 1954-இல் சேர்ந்து 1990-இல் ஓய்வு பெற்றார். எங்கள் பிரிவின் வேலை பாலம் போடுவது, கண்ணிவெடி எடுப்பது, ரோடு போடுவது. மலையில் ரோடு போடுகிற சாப்பர் தார் ஊற்றுவதைப் பற்றிக் கடைசியில்தான் யோசிப்பான். முதலில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, ஓரக்கால்வாய்க்கு வாட்டம் சரியாக இருக்கிறதா, சிறுபாலத்தின் வாயில் மண் அடைத்திருக்கிறதா என்று பார்ப்பான். சேலத்திலிருந்து ஏறும் இருபது கொண்டை ஊசி வளைவுகளில், மழைக்காலத்தில் எங்கே ரோடு பெயர்கிறது என்று கவனியுங்கள். அங்கே தண்ணீருக்கு யாரோ வழி விடாமல் போயிருப்பார்கள்.

கண்டூரி 1991-இல் பாரதிய ஜனதா சார்பில் கர்வால் தொகுதியில் ஜெயித்தார், 1996-இல் தோற்றார், 1998, 1999, 2004-இல் மறுபடி ஜெயித்தார். 2000-இல் வாஜ்பாய் அவரிடம் சாலைப் போக்குவரத்துத் துறையைக் கொடுத்தார். டெல்லி, மும்பை, சென்னை, கொல்கத்தாவை இணைக்கும் 5,846 கிலோமீட்டர் தங்க நாற்கரச் சாலை வேகம் பிடித்தது அவர் கையில்தான். அதே தேசிய நெடுஞ்சாலைத் திட்டத்தின் வடக்கு–தெற்குச் சாலை ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரிக்கு வருகிறது. அதிலிருந்து கொச்சிக்குக் கிளை பிரிகிற இடம் நம் சேலம். சேலத்தில் நின்று பெங்களூருக்கோ மதுரைக்கோ கோவைக்கோ நான்கு வழிச்சாலையில் பஸ் ஏறுகிற ஒவ்வொருவரும் அந்தத் திட்டத்தைத் தொட்டுவிட்டுத்தான் போகிறார்கள்.

எல்லாமே புகழ் அல்ல. இந்தத் திட்டத்தில் நடக்கும் முறைகேடுகளைப் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதிய இளம் பொறியாளர் சத்யேந்திர துபே, 2003 நவம்பரில் கயாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது துறை அமைச்சர் கண்டூரிதான். மேலே இருக்கிறவர் கை சுத்தமாக இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். பிறகு கண்டூரி இரண்டு முறை உத்தராகண்ட் முதல்வராக இருந்தார். 2012 தேர்தலில் அவர் பெயரைச் சொல்லித்தான் கட்சி ஓட்டுக் கேட்டது; கோட்துவார் தொகுதியில் அவரே தோற்றுப்போனார்.

2014-இல் மீண்டும் மக்களவை. பாதுகாப்புத் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழுவுக்குத் தலைவரானார். நிலைக்குழு என்றால் மக்களவையிலிருந்து 21 பேர், மாநிலங்களவையிலிருந்து 10 பேர், ஆக 31 பேர். துறை கேட்கிற பணத்தை வரிவரியாகப் பார்ப்பார்கள், அதிகாரிகளையும் தளபதிகளையும் கூப்பிட்டு விசாரிப்பார்கள். டிவியில் காட்டுகிற கூச்சல் அங்கே கிடையாது. அவர்கள் எழுதுகிற பரிந்துரைக்கு அரசாங்கம் கட்டுப்பட வேண்டியதில்லை. ஆனால் பதில் சொல்லியாக வேண்டும்.

2018 மார்ச்சில் அந்தக் குழு வைத்த அறிக்கை நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்தது. தரைப்படைத் துணைத் தளபதி குழு முன்னால் வந்து சொன்ன கணக்கு அதில் இருந்தது. தளவாடங்களில் 68 சதவீதம் பழசு, 24 சதவீதம் இன்றைய தரத்துக்கு உரியவை, 8 சதவீதம்தான் அதிநவீனம். மூன்றும் தலா மூன்றில் ஒரு பங்காக இருக்க வேண்டுமாம். நவீனப்படுத்த ஒதுக்கியது 21,338 கோடி ரூபாய். ஏற்கெனவே கையெழுத்தான 125 திட்டங்களுக்குக் கட்ட வேண்டிய பாக்கி மட்டுமே 29,033 கோடி. பழைய பாக்கிக்கே பணம் போதாதபோது புதிதாக என்ன வாங்குவது?

ஆட்சியில் இருந்தது அவருடைய சொந்தக் கட்சி. எல்லையில் நிற்கிற பையன் கையில் இருக்கும் துப்பாக்கியின் வயது தெரிந்தவர், அந்தக் கணக்கை மூடி மறைக்காமல் நாடாளுமன்றத்தின் மேஜையில் வைத்தார். அதே ஆண்டு செப்டம்பரில் குழுவின் தலைமை வேறொருவருக்குப் போனது. குழுக்களை ஆண்டுதோறும் மாற்றி அமைப்பது வழக்கம்தான். அறிக்கைதான் காரணம் என்று எதிர்க்கட்சி சொன்னது. எதுவானாலும் அறிக்கை அழியவில்லை. 2019-இல் அவர் போட்டியிடவில்லை.

பட்டாளத்துக்காரர் எம்.பி. ஆவதில் நாட்டுக்கு லாபம் இந்த இடத்தில்தான் இருக்கிறது. மீசைக்கும் மெடலுக்கும் ஓட்டுப் போட்டால் கைதட்ட ஒரு ஆள் கிடைப்பார், அவ்வளவுதான். தளபதி சொல்வது புரிந்து, அமைச்சகம் சொல்வதை அப்படியே நம்பாமல், கணக்கைக் கேட்டு எழுதி வைக்கிறவர் வேண்டும். இந்த வேலைக்குச் சீருடை போட்ட அனுபவம் உதவும். அதுவே போதும் என்று நினைத்தால் ஏமாறுவோம்.

நம் ஏற்காடு கள்ளக்குறிச்சி மக்களவைத் தொகுதியில் இருக்கிறது. நாளைக்கு ஒரு முன்னாள் ராணுவ வீரர், இல்லை வேறு யார் வேண்டுமானாலும், ஓட்டுக் கேட்டு மலையேறி வந்தால் இரண்டு கேள்வி கேளுங்கள்: எந்த நிலைக்குழுவில் உட்காரப் போகிறீர்கள்? சொந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும் கணக்குக் கேட்பீர்களா? ஏற்கெனவே எம்.பி.யாக இருப்பவர் என்றால், அவைக்கு எத்தனை நாள் போனார், என்ன கேள்வி கேட்டார் என்பதை நாடாளுமன்ற இணையதளத்தில் நீங்களே பார்க்கலாம். பார்த்துவிட்டு ஓட்டுப் போடுங்கள்.