தொகுப்பியின் திறனும் விரைவின் எல்லையும்

ஒரு நூல் வேற்றுமொழிக்குச் செல்லும்போது, அது சிறப்பதும் சிதைவதும் பெயர்ப்பவன் கையில் இருக்கின்றன. கணினித்துறைக்கும் இவ்வுண்மை பொருந்தும். மக்கள் எழுதும் நிரலைக் கணினி நேரே அறியாது. அதற்குத் தெரிந்தது சுழியும் ஒன்றுமாக அமைந்த பொறிமொழி ஒன்றே. நிரலைப் பொறிமொழியாக மாற்றித் தரும் மென்பொருளே தொகுப்பி. ‘கம்பைலர்’ என்று பலரும் வழங்குவது இதனையே.

தொகுப்பிக்கு இடும் கட்டளைகளை மாற்றினால், ஒரே நிரல் விரைந்தும் ஓடும், தளர்ந்தும் ஓடும், சில வேளை எழுதியவர் எண்ணாத வகையிலும் நடக்கும். ஒரே நேரத்தில் பல்லாயிரவர்க்குப் பணிபுரியும் ‘சர்வர்’ என்னும் வழங்கிக் கணினிகளில், இக்கட்டளைகளை எவ்வாறு அமைப்பது? மாணவரின் தேர்வு முடிவும், வங்கிக் கணக்கும், மருத்துவமனைப் பதிவேடும் இன்று அத்தகைய கணினிகளிலேயே தங்கியிருக்கின்றன. ஆதலின் இவ்வினா பொறியாளர்க்கு மட்டும் உரியதன்று.

தொகுப்பி வளர்ந்த வகை

1957ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தில் ஜான் பேக்கஸ் தலைமையில் அமைந்த குழு ஃபோர்ட்ரான் தொகுப்பியை வெளியிட்டது. கைப்பட எழுதிய பொறிமொழிக்குத் தொகுப்பியின் ஆக்கம் ஈடாகாது என்று அக்கால நிரலாளர் பலர் ஐயுற்றனர். அவ்வையத்தைப் போக்க வேண்டியிருந்ததால், மொழிபெயர்த்தலோடு செப்பம் செய்தலும் தொடக்கத்திலேயே தொகுப்பியின் கடமையாயிற்று. இத்துறையை வகுத்து வளர்த்தவர்களுள் ஒருவரான பிரான்சிஸ் ஆலன் அம்மையார், 2006ஆம் ஆண்டுக்குரிய டூரிங் விருதைப் பெற்றார். அவ்விருதைப் பெற்ற முதற் பெண்மணி அவரே.

இயங்குதளங்கள் நெடுங்காலம் பொறிமொழியை ஒட்டிய மொழியிலேயே எழுதப்பட்டு வந்தன. 1973ஆம் ஆண்டில் பெல் ஆய்வுக்கூடத்தார் யூனிக்ஸ் இயங்குதளத்தைச் சி மொழியில் திருப்பி எழுதினர். அது முதல் அவ்வழி வந்த இயங்குதளங்களின் விரைவு தொகுப்பியைச் சார்ந்ததாயிற்று. 1987ஆம் ஆண்டில் ரிச்சர்ட் ஸ்டால்மன் ஜி.சி.சி. தொகுப்பியை வெளியிட்டார். 1991ஆம் ஆண்டில் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் உட்கருவைத் தொடங்கினார். உட்கரு என்பது, நினைவகத்தையும் செயலியையும் பிற கருவிகளையும் ஆளும் இயங்குதளத்தின் நடுப்பகுதி, ‘கெர்னல்’ என்பர். இன்று உலகின் மிகப்பல வழங்கிகள் இவ்வுட்கருவைக் கொண்டே இயங்குகின்றன.

செப்பம் என்பது யாது?

ஒரு நாளைக்கு எத்தனை வினாடி என்பதை நிரலாளர் ‘24 பெருக்கல் 60 பெருக்கல் 60’ என்று எழுதுவர். படிப்பவர்க்கு அஃது எளிது. கணினி ஒவ்வொரு முறையும் பெருக்கிப் பார்ப்பது வீண். ஆகவே தொகுப்பி, மொழிபெயர்க்கும்போதே 86,400 என்னும் விடையை எழுதிவிடுகிறது. ஒரு செயல் ஆயிரம் முறை சுழலும்போது, அச்சுழலுக்குள் மாறாத கணக்கு ஒன்று இருந்தால், அதனை வெளியே எடுத்து ஒரே முறை செய்கிறது. சிறிய துணை நிரலை ஒவ்வொரு முறையும் தேடிச் செல்லாமல், அதன் உடலையே அழைத்த இடத்தில் பதித்துவிடுகிறது.

இத்தகைய முறைகளை எந்த அளவு கையாள்வது என்பதற்கு ஜி.சி.சி. தொகுப்பியில் படிகள் உண்டு. ஓ-0 என்பதில் பெரும்பாலும் செப்பம் இல்லை. ஓ-1, ஓ-2, ஓ-3 எனப் படி உயர உயரச் செப்பமும் மிகும். ஓ-எஸ் என்பது நிரலின் பருமனைக் குறைக்க முனையும்.

மிகுதி எப்போதும் நன்மையா?

ஓ-3 எல்லாவற்றினும் மேலான படியாயின், இயங்குதளத்தை அதிலேயே தொகுக்கலாம் அல்லவா? லினக்ஸ் உட்கரு இயல்பாகத் தொகுக்கப்படுவது ஓ-2 படியிலேயே. காரணம் செயலியின் அமைப்பில் இருக்கிறது. அடிக்கடி வேண்டும் கட்டளைகளைச் செயலி தன் அருகிலுள்ள சிறிய விரைவு நினைவகத்தில் வைத்துக்கொள்கிறது. பல செயலிகளில் ஒவ்வொரு கருவுக்கும் கட்டளைகளுக்கென உள்ள முதற்படி இடம் 32 கிலோபைட்டு அளவினதே. மேசையில் இருக்கும் நூலை உடனே புரட்டலாம். நூலகத்திற்குச் சென்று எடுப்பதாயின் காலம் செல்லும். ஓ-3 சுழல்களை விரித்தும், துணை நிரல்களைப் பதித்தும் நிரலைப் பருக்கச் செய்யக்கூடும். மேசை நிரம்பினால் நூலகத்திற்கு நடக்க நேரும். ஒரே கணக்கை நெடுநேரம் செய்யும் ஆய்வு நிரலுக்கு ஓ-3 பயன் தரலாம். நொடிதோறும் ஆயிரம் வேறு பணிகளுக்குத் தாவும் உட்கருவுக்கு அது பாரமாகலாம். 2022ஆம் ஆண்டில் ஓ-3 படிக்கு மாற வேண்டும் என்று ஒரு முன்மொழிவு எழுந்தபோது, அப்படி பல வேளைகளில் ஓ-2ஐ விடத் தாழ்ந்த ஆக்கத்தையே தந்திருக்கிறது என்று கூறி டோர்வால்ட்ஸ் மறுத்தார்.

குறிப்பிட்ட செயலிக்கென்றே தொகுக்கும் தெரிவும் உண்டு. புதிய செயலியின் சிறப்புக் கட்டளைகளை அது பயன்படுத்தும். ஆனால் அவ்வாறு தொகுத்த நிரல் பழைய செயலியில் ஓடாது போகலாம். ரெட் ஹாட் நிறுவனத்தின் வழங்கி இயங்குதளம், 2025ஆம் ஆண்டில் வந்த 10ஆம் பதிப்பில், இன்டெல் வகைச் செயலிகளுக்குரிய அடிப்படையை மூன்றாம் தரத்திற்கு உயர்த்தியது. இன்டெல் செயலிகளில் அத்தரத்தின் கட்டளைகள் 2013ஆம் ஆண்டளவில்தான் வந்தன. அதற்கு முற்பட்ட பொறிகள் அப்பதிப்பிற்குப் புறம்பாயின. விரைவுக்கு ஒரு விலை உண்டு என்பதற்கு இஃது ஒரு சான்று.

2009ஆம் ஆண்டின் படிப்பினை

இதனினும் பெரிய விலை 2009ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. நினைவகத்தின் ஓரிடத்தைக் காட்டும் குறிக்குச் சுட்டி என்று பெயர். அது வெறுமையாகவும் இருக்கலாம் என்பதால், பயன்படுத்துமுன் சோதிப்பது முறை. லினக்ஸ் உட்கருவின் வலையமைப்புப் பகுதியொன்றில், ஒரு சுட்டியை முதல் வரியில் பயன்படுத்திவிட்டு, அடுத்த வரியில்தான் அது வெறுமையா என்று சோதித்திருந்தனர். வெறுஞ்சுட்டியைப் பயன்படுத்தினால் என்ன நிகழும் என்பதைச் சி மொழி வரையறுக்கவில்லை. தொகுப்பி இவ்வாறு முடிவு கட்டியது: முன்னரே பயன்படுத்தப்பட்ட சுட்டி வெறுமையாக இருக்க இயலாது, ஆகவே பின்வரும் சோதனை மிகை. அச்சோதனையை அது நீக்கிவிட்டது.

இலக்கணப்படி தொகுப்பி செய்தது பிழையன்று. ஆயினும் காவலாக நின்ற கடைசி வரி மறைந்தது. சாதாரணப் பயனர் ஒருவர் பொறி முழுவதையும் தம் ஆட்சிக்குக் கொணரும் வழி அதனால் திறந்தது. அதற்குரிய செயல்விளக்கமும் வெளிவந்தது. பின்னர் நிரலைத் திருத்தியதோடு நில்லாது, இத்தகைய சோதனைகளை நீக்கலாகாது என்னும் கட்டளையையும் உட்கருவின் தொகுப்பு முறையில் சேர்த்தனர். 2018ஆம் ஆண்டில் ‘ஸ்பெக்டர்’ என்னும் செயலிக் குறைபாடு வெளியானபோதும், விரைவு ஓரளவு குறையும் என்று அறிந்தே, காப்புக்குரிய தொகுப்பிக் கட்டளைகளை ஏற்றுக்கொண்டனர்.

அளந்து செய்தல்

அவ்வாறாயின் விரைவைக் கூட்ட வழியே இல்லையா? உண்டு. வழங்கி தன் அன்றாடப் பணியைச் செய்யும்போது எந்தப் பகுதி அடிக்கடி ஓடுகிறது என்று பதிவு செய்து, அப்பதிவைத் தொகுப்பிக்குக் கொடுக்கலாம். அப்போது அது ஊகத்தால் அன்றி அளவையால் செப்பம் செய்யும். அடிக்கடி ஓடும் பகுதிகளை அருகருகே அமைக்கும். அருகி ஓடுவனவற்றை ஒதுக்கி வைக்கும். ‘ஆட்டோ எஃப்.டி.ஓ.’ எனப்படும் இம்முறைக்கு, 2025ஆம் ஆண்டு சனவரியில் வந்த லினக்ஸ் 6.13 பதிப்பு இடமளித்தது.

எம்முறையைக் கொண்டாலும், முறையோடு செய்வதே பயன் தரும். முதலில் காலம் எங்கே செலவாகிறது என்று காண வேண்டும். வட்டுக்காகவோ வலையமைப்புக்காகவோ காத்திருக்கும் வழங்கியை எந்தத் தொகுப்பியும் விரைவாக்காது. அடுத்து, ஒரு நேரத்தில் ஒரு தெரிவை மட்டும் மாற்றி, முன்னும் பின்னும் அளக்க வேண்டும். இரண்டை ஒருங்கே மாற்றினால் நன்மை எதனால் விளைந்தது என்பது தெரியாது. மூன்றாவதாக, நன்கு இயங்கிய பழைய உட்கருவை அழிக்காமல் வைத்திருக்க வேண்டும். புதியது தவறினால் திரும்புவதற்கு அதுவே வழி.

நல்ல மொழிபெயர்ப்பாளன் சொல்லைச் சுருக்கலாம், வரிசையை மாற்றலாம், மூலத்தின் கருத்தை இழக்கலாகாது. தொகுப்பியோ எழுதியதை அறியுமேயன்றி எழுதியவர் எண்ணியதை அறியாது. எண்ணியதை ஐயமின்றி எழுதுவதும், எந்த அளவு செப்பம் தகும் என்று அளந்து தெளிவதும் மாந்தர் கடமையாகவே நிற்கின்றன.