சமாதானம் செய்யப் பழகும் பிள்ளைகள்

கஅபாவைப் புதுப்பித்துக் கட்டிய காலத்தில் குறைஷியரிடையே மூண்ட பூசலை அறியாத முஸ்லிம் இல்லம் தமிழகத்தில் இராது. வெள்ளத்தால் சிதைந்த சுவர்களைக் கோத்திரத்தார் தமக்குள் பங்கிட்டுக்கொண்டு எழுப்பினர். ஹஜருல் அஸ்வதை அதற்குரிய இடத்தில் வைக்கும் பேறு யாருக்கு என்ற வினா எழுந்ததும் வேலை நின்றது. அப்துத் தார் கோத்திரத்தார் இரத்தக் கிண்ணத்தில் கைகளைத் தோய்த்துச் சாகும்வரை போரிடுவதாகச் சபதம் செய்தனர். நான்கைந்து நாட்கள் இந்நிலை நீடித்தது. முதியவரான அபூ உமையா, முதலில் உள்ளே நுழைபவரிடம் தீர்ப்பை ஒப்படைப்போம் என்றார். நுழைந்தவர் முஹம்மது (ஸல்) அவர்கள். அப்போது அவர்களுக்கு வயது 35; நுபுவ்வத் அருளப்பெறாத காலம்.

மீலாத் மேடைகளில் ஆண்டுதோறும் கூறப்பெறும் இவ்வரலாற்றில் ஒரு நுட்பத்தைப் பலரும் விரைந்து கடந்துவிடுகின்றனர். மக்கத்தார் கேட்டது தீர்ப்பு. இன்ன கோத்திரத்தாருக்கே உரிமை என்று அண்ணலார் சொல்லியிருப்பின் ஒருவர் வென்று, ஏனையோர் தோற்றிருப்பர். அவர்களோ ஒரு துணியை விரித்து, கல்லை அதன்மேல் வைத்து, கோத்திரத்துக்கு ஒருவராக விளிம்பைப் பற்றித் தூக்கச் செய்தார்கள். உரிய உயரம் வந்ததும் தம் திருக்கரத்தால் கல்லைப் பொருத்தினார்கள். மானத்தை இழந்து வீடு திரும்பியவர் எவருமில்லை.

இக்கலையை உயர்நிலைப் பள்ளி மாணவர்க்குக் கற்பிக்க இயலும். அமெரிக்காவில் 1976இல் சான் பிரான்சிஸ்கோ நகரில் தோன்றிய ‘கம்யூனிட்டி போர்ட்ஸ்’ என்னும் அமைப்பு, அண்டை வீட்டார் சச்சரவுகளைத் தீர்க்கத் தொடங்கி, 1980களில் அப்பயிற்சியைப் பள்ளிகளுக்கும் கொண்டு சென்றது. மாணவரே மாணவரிடையே சமாதானம் செய்யும் முறை அது. பயிற்சியின் உயிர்நாடி நடிப்பு.

சேலம்–நாமக்கல் நெடுஞ்சாலையில் அமைந்த புதுச்சத்திரத்தை எடுத்துக்கொள்வோம். பல ஊர் வழிப்போக்கர் ஒரே கூரையின்கீழ் தங்கிச் செல்லும் இடத்தை நினைவூட்டும் பெயர்! சுற்றுக் கிராமத்துப் பிள்ளைகள் நெருக்கியடித்துப் பேருந்தேறிப் பள்ளிக்கு வரும் இத்தகைய ஊரில், இருக்கைச் சண்டையையே கதையாகக் கொடுக்கலாம். ஒரு மாணவன் பையை வைத்து இடம்பிடிக்கிறான். மற்றொருவன் பையை எறிகிறான்; உள்ளிருந்த புத்தகம் கிழிகிறது.

நடிப்பவர் நால்வர்: வழக்காடும் இருவர், நடுவில் அமரும் இருவர். வழக்காடுவோர் ஒவ்வொருவரிடமும் அவர் மட்டுமே அறிய வேண்டிய செய்தியை ஒரு சீட்டில் எழுதித் தருதல் வேண்டும். இடம்பிடித்தவன் சீட்டில், கால் வலியோடு அடுத்த நிறுத்தத்தில் ஏறும் தம்பிக்காகவே பையை வைத்தான் என்றிருக்கும். எறிந்தவன் சீட்டில், முந்தைய நாள் அதே பேருந்தில் எல்லோர் முன்னும் இழித்துப் பேசப்பட்டான் என்றிருக்கும். நடுவில் இருப்போர் இவற்றைக் கேள்விகளால் வெளிக்கொணர வேண்டும். ஒருவர் பேசுகையில் மற்றவர் குறுக்கிடலாகாது. கேட்டதைத் திருப்பிச் சொல்லி, “நான் புரிந்துகொண்டது சரிதானா?” என வினவ வேண்டும். யார் குற்றவாளி எனக் கூறவே கூடாது. வழியை வழக்காடுவோரே சொல்ல வேண்டும். இதுதான் பிள்ளைகளுக்குக் கடினம். மூன்றாம் நிமிடத்திலேயே நடுவர் நீதிபதியாகிவிடுவார்!

பின்னர் வேடங்களை மாற்றுதல் வேண்டும். பையை எறிந்தவனாக நடித்தவன் இப்போது அண்ணனாகித் தம்பியின் கால் வலியைத் தன் வாயால் சொல்கிறான். எதிராளியின் நியாயத்தைப் பத்து நிமிடமேனும் தன்னுடையதாகப் பேசிப் பார்க்கும் இப்பகுதியை நேரமின்மை கருதி விட்டுவிடுவோர், பயிற்சியின் பாதியையே விட்டுவிடுகின்றனர் என்பேன்.

ஆயினும் எல்லாப் பூசலும் இவ்வகையினவல்ல. 2023 ஆகஸ்ட் மாதம் நாங்குநேரியில், சாதியின் பேரால் தன்னைத் துன்புறுத்தியதாகப் பள்ளியில் முறையிட்ட பன்னிரண்டாம் வகுப்பு மாணவன், உடன் பயின்றோராலேயே வீடு புகுந்து வெட்டப்பட்டான். தடுக்க வந்த தங்கையும் காயமுற்றாள். அதன்பின் அரசு அமைத்த நீதியரசர் சந்துரு அவர்களின் ஒருநபர்க் குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. நலிந்தவனையும் நலிவித்தவனையும் எதிரெதிரே அமர்த்தி, “கைகுலுக்கிக் கொள்ளுங்கள்” என்பது சமாதானமன்று. திருமறையின் ‘அல்ஹுஜுராத்’ அத்தியாயத்தின் ஒன்பதாம் வசனம் இதில் தெளிவு தருகிறது: இரு கூட்டத்தாரிடையே இணக்கம் செய்யப் பணிக்கும் அதே வசனம், ஒரு சாரார் வரம்பு மீறினால் அவர்களை முதலில் தடுத்து நிறுத்தவும், பின்னரே நீதியோடு இணக்கம் காணவும் கட்டளையிடுகிறது. ஆசிரியர் இவ்வரிசையை மாற்றலாகாது.

நம் ஜமாஅத் பஞ்சாயத்துகளிலும் உரத்த குரலுடையவர் சொல்வதே முடிவாகிவிடும் காட்சியை நாம் காணாததன்று. அங்கே ஓரமாய் அமர்ந்திருக்கும் பிள்ளைகள் அதையே சமாதானம் என்று கற்றுக்கொள்கின்றனர். விடுமுறை நாள் மதரஸாவில் மாதம் ஒருமுறை இந்நடிப்பை நடத்துவதற்கு நான்கு நாற்காலிகளும் சில சீட்டுகளும் போதும்.

பெரியவர்கள் கற்பதும் இவ்வழியிலேதான். சென்னை உயர்நீதிமன்ற வளாகத்தில் 2005இல் தொடங்கப்பெற்ற சமரச மையம் இந்திய நீதிமன்றங்களுக்கே முன்னோடி. இத்தகைய மையங்களில் அமரும் வழக்கறிஞர்கள் 40 மணி நேரப் பயிற்சி பெறுகின்றனர். அதிலும் கற்பனை வழக்குகளை நடித்துப் பழகுதல் உண்டு. 2023ஆம் ஆண்டின் மத்தியஸ்தச் சட்டம், ஒரு வட்டார மக்களின் அமைதியைக் குலைக்கக்கூடிய பூசல்களை இருதரப்பின் சம்மதத்தோடு அவ்வூர் மட்டத்திலேயே தீர்க்கவும் இடமளித்துள்ளது. இன்று பத்தாம் வகுப்பில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளே நாளை அந்த நாற்காலிகளில் அமர அழைக்கப்படுவர்.